களவு போன வெப்பம்

அவர் ஒருவரையும் நம்பமாட்டார். மனிதர்களை நம்பாதவர்கள் ஊரில் நிறையப் பேர். அது பெரிய விஷயமில்லை. இவர் வெப்பமானியையும் நம்பமாட்டார். ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் மூன்று வெப்பமானிகளை இறக்குவார். மூன்றும் ஒரே அளவைக் காட்டினால், "மூண்டு பேரும் கதைச்சு வைச்சிருக்கினமோ தெரியாது" என்பார். முதன்முறை அதைக் கேட்டபோது பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெப்பமானியைப் பார்த்த அதே பார்வையால் என்னையும் பார்த்தார்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கல்லூரியில் அவர் பௌதிக ஆசிரியர். நான் கணிதம், ஆய்வுகூட வகுப்புகளில் அவருக்கு உதவி. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. அவருக்கு நாற்பது வயதிருக்கும், கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ரெண்டு பேரும் ஆளையாள் நம்பவேணுமாமே, அதுதான் யோசிக்கிறன்" என்பார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. சொந்தக்காரர் இன்னும் இருக்கிறார்கள். கல்லூரியில் எல்லோருக்கும் அவர் மாஸ்ரர். பெடியன்களுக்கு மட்டும், அவர் காதில் விழாத தூரத்தில், இன்ஸ்பெக்டர்.

கோப்பாய் பஸ்ஸில் அவரோடு போவது ஒரு தண்டனை. பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் நேராக முன்பக்கம் போய் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைப்பார். கொண்டக்டர், "இப்பதான் வந்தது மாஸ்ரர், ஏறுங்கோ, உடனை வெளிக்கிடும்" என்பான். மாஸ்ரர் கையை எடுக்காமல், "இரும்பு இவ்வளவு ஆறுறதுக்கு அரை மணித்தியாலம் வேணும். நீ வெளிக்கிடமாட்டாய், ஆள் சேருமட்டும் நிப்பாய்" என்பார். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஆனால் கொண்டக்டர் எங்கள் இருவரையும் சேர்த்தே முறைப்பான். பின்சீற்றில்தான் எங்களுக்கு இடம் கிடைக்கும்.

பிறகு, "கையையும் நம்பக்கூடாது" என்று எனக்குச் சொல்வார். விடியற்காலையில் இரும்புக் கம்பியையும் மரக்கட்டையையும் தொட்டால் இரும்பு குளிரும், மரம் குளிராது. இரண்டிலும் வெப்பமானி காட்டுவது ஒரே அளவு. இரும்பு கையிலுள்ள சூட்டை விரைவாக இழுத்துக்கொண்டு போகிறது. கை அதைக் குளிர் என்று சொல்கிறது. "கைக்குத் தெரியிறது களவு போற வேகம் மட்டும்தான். எவ்வளவு இருக்கெண்டு கைக்குத் தெரியாது."

களவு என்ற சொல் அவர் வாயில் வராத நாளில்லை. வெப்பக் கணக்குகளை அவர் படிப்பித்ததே அந்தச் சொல்லை வைத்துத்தான். வகுப்பு இங்கிலீசில் நடக்கவேண்டும் என்பது கல்லூரிச் சட்டம். கணக்குத் தொடங்கினால் அவர் தமிழுக்கு இறங்கிவிடுவார். சூடாக்கிய இரும்புக் குண்டைத் தண்ணீருக்குள் போட்டால் தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்ற வழக்கமான கணக்குத்தான். பெடியன்கள் உடனே இலக்கங்களை எழுதத் தொடங்குவார்கள். அவர் மேசையில் தட்டுவார்.

"பேனையை வை. முதலிலை சொல்லு. குடுத்தவன் ஆர்?"

"இரும்பு, சேர்."

"வாங்கினவன்?"

"தண்ணி."

"அங்கை வேறை ஆர் நிண்டது?"

வகுப்பு முழிக்கும். அவர் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு வருவார். தண்ணீர் இருந்த செம்புப் பாத்திரம் அங்கே நின்றது, அதுவும் கொஞ்சம் வாங்கியது. கலக்கிய கம்பி வாங்கியது. குண்டோடு ஒட்டிக்கொண்டு வந்த சுடுதண்ணீர்த் துளி, கொடுத்தவன் பக்கத்தில் ஒளிந்திருந்து கூடக் கொடுத்தது. காற்று எல்லோருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொண்டுபோனது. "குடுத்ததும் வாங்கினதும் சரிவரவேணும். சரிவரேல்லையெண்டால் ஒரு கள்ளன் இன்னும் அகப்படேல்லை. அவனைப் பிடிச்சுப்போட்டுக் கணக்கைச் செய்."

இதைவிட நன்றாக அந்தப் பாடத்தை நடத்திய ஒருவரை நான் பிறகு கண்டதில்லை. என் கோபங்கள் ஒருபுறம் இருக்கட்டும், அதைச் சொல்லத்தான் வேண்டும். குருநகர்ப் பெடியன் ஒருவன், மத்தியானத்தில் கரை மணல் காலைச் சுடும்போது கடல் ஏன் சுடுவதில்லை என்று கேட்டான். மாஸ்ரருக்கு முகம் மலர்ந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். "ஒரே வெயில், ஒரே நேரம். மணல் கொஞ்சத்தை வாங்கின உடனை கத்தத் தொடங்கும். தண்ணி எவ்வளவு வாங்கினாலும் வெளியிலை காட்டாது. ஒரு பாகை ஏறுறதுக்கு ஒரு பொருளுக்கு எவ்வளவு வேணுமோ, அதுதான் அதின்ரை வெப்பக்கொள்ளளவு. எடைக்கு எடை பாத்தால், தண்ணி கேக்கிறதிலை முப்பதிலை ஒரு பங்குதான் தங்கம் கேக்கும். செம்பு தங்கத்தைப் போலை மூண்டு மடங்கு கேக்கும். ஒவ்வொண்டுக்கும் ஒரு பசி. அந்தப் பசியைக் கண்டுபிடிச்சால் ஆளைக் கண்டுபிடிக்கலாம்."

அவருடைய இந்த வாக்கியம் ஒருநாள் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வரும் என்று நான் நினைக்கவில்லை.

என் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிவந்தது அவருடைய வீட்டிலிருந்துதான். மாஸ்ரரின் தம்பி மலாயாவில் றெயில்வே உத்தியோகம். லீவில் வந்திருந்தான். சில கிழமைகளுக்குள் கலியாணத்தை முடித்துப் பெண்ணையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று தாய் அவசரப்பட்டார். சாதகம் பொருந்தியது. எங்கள் ஐயா கோப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர். மலாயா மாப்பிள்ளை என்றதும் அவருக்குத் தலைகால் தெரியவில்லை. தங்கச்சிக்கும் விருப்பம்தான், அந்த நாட்களில் அவள் கிணற்றடியில் பாட்டு முணுமுணுத்ததை நானே கேட்டேன்.

எங்கள் வீட்டில் கலியாணப் பேச்சுக்கால் முடிந்து வெற்றிலைத் தட்டம் வரும் நேரம். அதுவரையில் வாய் திறக்காமல் இருந்த மாஸ்ரர், "எனக்கொரு விஷயம். பிள்ளைக்குப் போடுற நகையை நான் ஒருக்காச் சோதிச்சுப் பாக்கவேணும்" என்றார்.

அவருடைய தாயே திடுக்கிட்டுப்போனார். "உனக்கென்ன விசரே?" என்று காதோடு சொன்னது எங்களுக்குக் கேட்டது. ஐயாவின் முகம் கறுத்தது.

"உரைகல்லிலை உரைச்சுப் பாக்கப்போறீரோ, தம்பி?"

"உரைகல்லு தோலைத்தான் பாக்கும். எனக்கு உள்ளுக்குப் பாக்கவேணும். வெப்பம்தான் உள்ளுக்குப் போகும்."

ஐயா எழுந்தார். "என்ரை பொன்னைச் சுட்டும் பாரும், அவிச்சும் பாரும். நாளைக்கே கொண்டுவாறன்" என்றார். அன்றிரவு படுக்கும்வரை நான் யோசித்தது ஒன்றுதான். இந்த மனிதன் எதற்கோ அடித்தளம் போடுகிறான். நகையில் குறை சொல்லிச் சீதனத்தைக் கூட்டப்போகிறான். கூடவே வேலை செய்கிற நான் இவ்வளவு நாளும் இவனை ஒரு விசித்திரப் பிறவி என்று மட்டும் நினைத்தேனே என்று என் மீதே ஆத்திரம் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை, ஆய்வுகூடத்தில் நாங்கள் மூன்று பேர். ஐயா வேட்டி மடிப்பிலிருந்து புதுக் காப்புச் சோடியை எடுத்து மேசையில் வைத்தார். மொத்தமான, பூவேலை செய்த காப்புகள். மாஸ்ரர் அவற்றை நிறுத்தார். ஈரம் படாத கண்ணாடிக் குழாய்க்குள் நூலில் கட்டித் தொங்கவிட்டு, குழாயைச் சுற்றி நீராவியை விட்டார். நான் கேட்டேன், உள்ளே பொள்ளலாக இருந்தால் கணக்குப் பிழைக்காதா என்று. "பொள்ளலுக்குள்ளை காத்துத்தானே இருக்கும். அந்தக் காத்துக்கு எடையும் இல்லை, பசியும் இல்லை" என்றார். அதைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

காப்பு நீராவியின் சூட்டுக்கு வந்ததும் அப்படியே கலோரிமானி என்கிற செம்புப் பாத்திரத்தின் தண்ணீருக்குள் இறக்கினார். கலக்கினார். வெப்பமானியைப் பார்த்தார். நான் பார்த்தேன். ஐயாவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பாத்திரம் வாங்கியது, கம்பி வாங்கியது, ஒன்றையும் விடாமல் கழித்துக் கணக்கைச் செய்தேன், ஏனென்றால் செய்யச் சொன்னது என்னைத்தான். விடை வந்ததும் இலக்கங்களை மறுபடி கூட்டிப் பார்த்தேன். தங்கத்துக்கு இருக்கவேண்டிய பசியைப் போல இரண்டு மடங்கு.

"திரும்பச் செய்யும்" என்றார். திரும்பவும் அதேதான்.

அவர் காப்புகளைத் துணியால் துடைத்தார். ஒன்றின் பொருத்தில் நகத்தால் எதையோ சுரண்டினார், மூக்கருகே கொண்டுபோனார், பிறகு விரலை வேட்டியில் துடைத்துவிட்டு ஐயாவிடம் காப்புகளை நீட்டினார்.

"தங்கமெண்டால் இவ்வளவு வாங்காது. அரைவாசி செம்பு."

ஐயா காப்பை வாங்கி மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். தோட்டத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் தளராத மனிதன், பஸ் வரும்வரை மதகுக் கட்டில் குந்திவிட்டார். "நகை செய்த பத்தன் என்னை ஏமாத்திப்போட்டான்" என்று மட்டும் சொன்னார். யார் சொன்னார்களோ தெரியாது, செய்தி எங்களுக்கு முதலே ஊருக்குப் போய்விட்டது. அடுத்த நாள் கோயிலில் ஐயாவைக் கண்டதும் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். செம்புக் காப்புக்காரன் என்று ஒருவன் பின்னால் சொன்னது என் காதில் விழுந்தது. இந்தச் சம்பந்தம் முறிந்தால் தங்கச்சிக்கு இன்னொன்று வராது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

தங்கச்சி மூன்றாம் நாள்தான் என்னிடம் கேட்டாள். "அண்ணை, என்னெண்டு சோதிச்சவர்?" எப்படிச் சோதித்தார் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உது அரக்குக் காப்பெல்லோ! நசுங்காமல் இருக்க உள்ளுக்கு அரக்கு நிறைச்சது. நானும் அம்மாவும் பத்தர் வீட்டிலை இருந்துதானே செய்விச்சனாங்கள். அரக்கைக் கழிச்சுத்தான் பொன்னுக்கு விலை போட்டவர். உதை ஏன் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை?"

கேட்கவில்லைதான். மூன்று ஆண்கள் நின்று ஒரு காப்பை நீராவியில் வேகவைத்து, பாகை பார்த்து, கூட்டிக் கழித்தோம். அதைப் போடப்போகிறவளிடம் ஒரு சொல் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் ஊர் ஆண்களுக்கு மட்டும் வரக்கூடிய பிழை அது.

அன்றைக்கே பத்தரிடம் கொண்டுபோய்ப் பொருத்தைத் திறந்து அரக்கை எடுத்து நிறுத்தேன். எடையில் பத்திலொரு பங்கு. அரக்கின் பசி தங்கத்தைப் போலப் பத்து மடங்குக்குக் கிட்ட வரும். ஆகவே அந்தப் பத்திலொரு பங்கு அரக்கே, மிச்சத் தங்கம் முழுவதும் கொடுத்த அளவு வெப்பத்தைத் தானும் கொடுத்திருக்கிறது. கணக்கு அப்படியே சரிவந்தது. காப்பில் செம்பு இருந்தது உண்மை. பத்தர் பொன் உறுதியாக இருப்பதற்கு வழக்கமாகச் சேர்க்கிற அளவு, அதற்குமேல் ஒரு துளி இல்லை.

ஆறுதல் வரவேண்டிய இடத்தில் எனக்கு வேறொன்று வந்தது. அவர் நகத்தால் சுரண்டியது என்ன? நீராவிச் சூட்டில் இளகிப் பொருத்தால் கசிந்த அரக்கு. மோந்து பார்த்தாரே. அரக்கு மணம் தெரியாத யாழ்ப்பாணத்தான் உண்டா? பாத்திரத்தையும் கம்பியையும் துளியையும் காற்றையும் விடாமல் பிடிக்கிற மனிதர், கைக்குள் அகப்பட்ட கள்ளனை வேட்டியில் துடைத்துவிட்டாரே.

செவ்வாய்க்கிழமை கணக்கை அவர் மேசையில் வைத்தேன். வாசித்தார். "சரி" என்றார்.

"உங்களுக்கு அண்டைக்கே தெரியும், மாஸ்ரர்."

"தெரிஞ்சால் என்ன, தெரியாட்டில் என்ன. மனங்கெட்டுப்போச்செண்டு சொல்லி உங்கடை ஐயா இந்தச் சம்பந்தத்தை விட்டிடலாமே."

"ஏன் விடவேணும்? உந்தச் சோதனையெல்லாம் சீதனத்தைக் கூட்டுறதுக்கோ?"

அவர் பதில் சொல்லவில்லை. மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டார். அந்த மௌனத்தை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். அவரை அவ்வளவு வெறுத்த நாள் வேறில்லை. ஊரெல்லாம் கேட்கும்படி பொன் சுத்தம் என்று நிரூபித்து, இந்தக் கலியாணத்தை நடத்தியே தீருவது என்று முடிவெடுத்தேன். அவருடைய தாயிடம் நானே போனேன். அந்த மனுசி பாவம், அழுதார். "அவன் சின்னனிலையிருந்தே உப்பிடித்தான், தம்பி. நான் அவனை அனுப்பி மன்னிப்புக் கேக்கப்பண்ணுறன்" என்றார். கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள். ஐயா மறுபடி நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாஸ்ரர் வந்தார். வெயில் தாழ்ந்திருந்தும் குடையை விரித்தபடி வந்தார். ஐயா கதிரை கொடுத்தார், சிரிக்கவில்லை. தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அண்ணன் என்ற மரியாதைக்கு அவள் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கவேண்டும். போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிழையாச் சொல்லிப்போட்டன். பொன் சுத்தம்" என்றார் அவர், ஐயாவிடம். மனப்பாடம் செய்துகொண்டு வந்ததுபோல இருந்தது.

"சரி, விடும். ஒரு குடும்பமாகப் போறம்" என்றார் ஐயா.

அப்போது தங்கச்சி கேட்டாள். "மாஸ்ரர், என்ரை காப்பை உள்ளுக்குள்ளாலை சோதிச்சியள். உங்கடை தம்பியையும் அப்பிடிச் சோதிச்சனியளோ?"

"பிள்ளை!" என்று ஐயா அதட்டினார்.

மாஸ்ரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஐயாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார்.

"ஓம் பிள்ளை. சோதிச்சனான்."

"என்ன கண்டியள்?"

"மலாயாவிலை அவனுக்கு ஒரு பெண்சாதி இருக்கிறா. ஒரு பொம்பிளைப் பிள்ளையும் இருக்கு. ஈப்போவிலை. அவன் வந்த அண்டைக்கே எனக்குச் சந்தேகம். அங்கை இருக்கிற என்ரை பழைய மாணவனைக் கொண்டு விசாரிச்சுப் பாத்தன். உண்மைதான். அம்மாவுக்கும் தெரியும். இஞ்சை ஒண்டைக் கட்டிவைச்சால் திருந்துவானெண்டு நினைக்கிறா."

முற்றத்தில் அம்மா காயப்போட்ட மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சீதனத்துக்காக என்று நான் அவர் முகத்துக்கு நேரே சொன்ன சொல் இன்னும் அங்கேயே நின்றது. அதே நேரம், என் தகப்பனைச் செம்புக் காப்புக்காரனாக்கித் தெருவில் நடக்கவைத்த மனிதனும் இவர்தானே என்ற கோபமும் போகவில்லை. இரண்டும் இன்றுவரை எனக்குள் அப்படியேதான் இருக்கின்றன.

ஐயா அவர் பக்கம் திரும்பினார். "உதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, தம்பி. என்ரை பொன்னைச் செம்பாக்கித்தான் நிப்பாட்டவேணுமோ?"

"ஆர் நம்புவினம்?" என்றார் மாஸ்ரர். குரலில் கோபம் இருந்தது. யார் மீது என்று தெரியவில்லை. "என்ரை தம்பியைப் பற்றி நான் ஒண்டு சொன்னால், கலியாணமில்லாதவன், பொறாமையிலை கதைக்கிறான் எண்டுவியள். அம்மா வந்து கற்பூரம் அடிச்சுச் சத்தியம்பண்ணி இல்லையெண்டுவா. நீங்கள் அவவைத்தான் நம்புவியள். பொன்னைப் பற்றிக் குறை சொன்னால் ஒருத்தரும் சாட்சி கேக்கமாட்டினம். உடனை நம்புவினம். நம்பினவைதானே."

நாங்கள் நம்பினோம்தான். எங்கள் சொந்தப் பொன்னையே செம்பு என்று மூன்று நாள் நம்பியிருந்தோம்.

தங்கச்சி கதவு நிலையை விட்டு ஓரடி முன்னே வந்தாள். அவள் அழவில்லை.

"நீங்கள் என்னட்டைச் சொல்லியிருந்தால், நான் நம்பியிருப்பன்" என்றாள்.

அப்படி ஒரு விடையை மாஸ்ரர் தன் கணக்கில் எங்கும் வைத்திருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். படலையைச் சாத்தாமலே போய்விட்டார்.